தேடுகிறவர் சொல்லும் திருடுகிறவர் கையும்

போளூர்

அன்புள்ள கயல்,

உன் நீண்ட மின்னஞ்சல் கிடைத்தது. நிலப் பத்திரங்களைப் பற்றி நீ நடத்தும் தளத்துக்கு ஆள் வருவதில்லை என்று ஒரு குறை. கூட்டுப் பட்டாவைப் பிரிப்பது பற்றி நீ எழுதியதை வேறொரு தளம் வரி பிசகாமல் எடுத்துப் போட்டு, கூகுளில் தேடினால் உனக்கு மேலே வந்து நிற்கிறது என்று இன்னொரு குறை. இரண்டையும் தனித்தனி நோயாக நினைத்து எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உன் தளத்தை முழுக்கப் படித்தேன். ‘வில்லங்கச் சான்றிதழ் பெறும் வழிமுறைகள்’, ‘நில உரிமை ஆவணப் பெயர் மாற்ற நடைமுறை’ என்று தலைப்புகள் சுத்தமாக இருக்கின்றன. தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டலாம். ஆனால், சார்பதிவாளர் அலுவலக வாசலில் நான் பத்திர எழுத்தராக உட்கார்ந்திருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த ஒருவர்கூட இந்த வார்த்தைகளில் கேட்டதில்லை. “அண்ணே, ஈசி போடணும்.” “பட்டா இன்னும் எங்கப்பா பேர்லயே கெடக்கு, மாத்தணும்.” “எஃப்எம்பில அளவு கம்மியா காட்டுது, என்ன பண்றது?” இப்படித்தான் கேட்பார்கள். ஈசி என்பது உன் வில்லங்கச் சான்றிதழ், எஃப்எம்பி என்பது புலப்படம். அதே ஆட்கள்தான் இன்றைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுகிறார்கள். நீ வில்லங்கச் சான்றிதழ் என்று எழுதிக் காத்திருக்கிறாய். அவர்கள் ஈசி என்று தேடிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

கீவேர்டு ரிசர்ச் என்று காசு வாங்கிக்கொண்டு வகுப்பு எடுக்கிறார்களே, அதன் பாதி இந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். கூகுளைத் திறந்து ‘பட்டா’ என்று மட்டும் தட்டி நிறுத்து. கீழே வரிசையாக விழுகிற பரிந்துரைகள் மற்றவர்கள் ஏற்கெனவே தேடியதிலிருந்து வருபவை. ஒரு இடைவெளி விட்டு அ, க, ச, ம என்று ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துப் பார். பிறகு அதையே ஆங்கில எழுத்தில் தட்டிப் பார். நம் ஜனங்களில் பெரும் பகுதி தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறது; கடைசியில் ‘இன் தமிழ்’ என்று ஒட்டிக்கொள்கிறது. இரண்டு பட்டியலும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வை.

அதே பக்கத்தில், மக்கள் இதையும் கேட்கிறார்கள் என்று ஒரு கேள்விப் பெட்டி வரும். ஒரு கேள்வியைத் திறந்தால் இன்னும் சில கேள்விகள் முளைக்கும். உனக்கு ஒரு மாதத்துக்கான கட்டுரைத் தலைப்புகள் அங்கேயே கிடைக்கும்.

கீவேர்டு பிளானரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது கூகுள் விளம்பரதாரர்களுக்காக வைத்திருக்கும் கருவி. விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்குத் துல்லியமான எண் காட்டாது. 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகலமாகத்தான் சொல்லும். தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு அதுவும் இருக்காது. அங்கே எண் இல்லை என்பதால் தேடுகிறவரே இல்லை என்று முடிவு கட்டாதே. கூகுள் டிரெண்ட்ஸ் கொஞ்சம் உபயோகம். தமிழ்நாடு என்று குறுக்கி, இரண்டு சொற்களை அருகருகே போட்டு எதற்கு மவுசு அதிகம் என்று பார்க்கலாம். ஆனால் அது காட்டும் 100 என்பது நூறு பேர் அல்ல, அந்தக் காலத்தின் உச்சத்துக்கு அது வைத்திருக்கும் பெயர்.

எல்லாவற்றையும்விட நம்பத் தகுந்தது உன் தளத்துக்கான கூகுள் சர்ச் கன்சோல்தான். 16 மாதக் கணக்கு அதில் இருக்கும். எந்தச் சொல்லைத் தேடியபோது உன் பக்கம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனையாவது இடத்தில் நின்றாய் எல்லாம் தெரியும். அதிகம் பேர் பார்த்தும் சொடுக்காமல் போன சொற்களை முதலில் எடு. எட்டாவது, பத்தாவது, பதினைந்தாவது இடத்தில் நிற்கிறவை அவை. புதுக் கட்டுரை எழுதுவதைவிட, அந்தப் பக்கங்களின் தலைப்பையும் முதல் பத்தியையும் திருத்தினால் சீக்கிரம் பலன் தெரியும்.

சொல்லைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் உன் போன வாரக் கட்டுரையில் நீ செய்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘பட்டா மாறுதல் செய்ய விரும்புவோர் பட்டா மாறுதல் விண்ணப்பத்தைப் பட்டா மாறுதல் இணையதளத்தில்’ என்று ஒரு வாக்கியம். சத்தமாக ஒருமுறை படித்துப் பார். இப்படித் திணிப்பதைக் கூகுள் தன் விதிகளிலேயே குப்பை என்று எழுதி வைத்திருக்கிறது. பக்கத்தின் நிரலில் கீவேர்டு என்ற குறிக்குள் ஐம்பது சொல்லை அடுக்கச் சொல்லி உனக்கு யாரோ யோசனை சொன்னார்களாம். அந்தக் குறியைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அந்த யோசனைக்குக் காசு கொடுத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். தலைப்பில் ஜனங்களின் சொல் ஒருமுறை, முதல் பத்தியில் அரசுச் சொல்லும் ஜனங்களின் சொல்லும் சேர்ந்து ஒருமுறை. அது போதும். தேடுகிறவர்கள் ஒற்றெழுத்தை விட்டுவிட்டுத் தட்டுகிறார்கள் என்பதற்காக நீயும் பிழையாக எழுதாதே. நான் தட்டிப் பார்த்தவரை பெரும்பாலும் அதே பக்கங்கள்தான் வருகின்றன.

ஒரு சின்ன வேலை. உன் தளம் இருக்கும் பிளாக்கரில் தமிழில் தலைப்பு கொடுத்தால் முகவரி ‘பிளாக் போஸ்ட்’ என்று அநாதையாகப் போய் நிற்கும். வெளியிடும் முன்பே அதை நீயே ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதிவிடு. வாட்ஸ்அப்பில் பகிரும்போதும் பார்க்க லட்சணமாக இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தேடுசொல் யாருக்கும் சொந்தமில்லை. ‘பட்டா பெயர் மாற்றுவது எப்படி’ என்பதை நீயும் எழுதலாம், உன்னைக் காப்பியடித்தவரும் எழுதலாம், யாரும் தடுக்க முடியாது. விடைதான் உன்னுடையதாக இருக்க வேண்டும். உன் கட்டுரைகளில் பாதி, அரசு இணையதளத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதை எவரும் எழுதலாம், எவரும் திருடலாம். திருடினாலும் யாருடையது என்று தெரியாது. ஆள் வராததற்கும் திருட்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

“பத்திரம் முடிஞ்சிருச்சு, பட்டா தானா மாறிடுமா?” என்று தினமும் யாராவது கேட்பார்கள். ஒரு புல எண்ணில் உள்ள இடம் முழுவதையும் வாங்கியவருக்கு ஒரு விடை, அதில் ஒரு துண்டை மட்டும் வாங்கியவருக்கு வேறு விடை. துண்டு என்றால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு போட்டாக வேண்டும். ஈசியில் எதுவும் இல்லை என்றால் நிலத்தின் மேல் எந்தப் பிடியும் இல்லை என்று சந்தோஷமாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவாகாத ஒப்பந்தம் ஈசியில் வராது. கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி பெயர்கள் இருந்து, ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் யார் எங்கே கையெழுத்துப் போடுவது? இதையெல்லாம் எழுது. உன் சித்தப்பா நிலத்தை அளந்த அன்று நீ எடுத்த படங்கள் இருக்கின்றனவே, கல் நட்ட இடம், சங்கிலி பிடித்த ஆள், அவற்றைப் போடு. மூலையில் உன் தளத்தின் பெயரை மங்கலாக அச்சிட்டுப் போடு. எடுத்துப் போகிறவர் உன்னையும் சேர்த்துத்தான் எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

சட்டத்தைப் பார்ப்போம். பதிப்புரிமை வாங்கவில்லையே என்று வருந்தியிருந்தாய். 1957-ஆம் வருடச் சட்டப்படி எழுதிய உடனேயே உரிமை உன்னுடையது. உன் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் அது நிற்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்தால் வழக்கு வரும்போது முதல்நோக்குச் சாட்சியமாக எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். உன்னைக் கேட்காமல் மொழிபெயர்க்கவும் கூடாது, ஒலிப்பதிவு செய்யவும் கூடாது. கட்டுரையை அப்படியே வாசித்து யூடியூபில் போடுகிறார்களே, அதுவும் மீறல்தான்.

ஆனால் சட்டம் காப்பது நீ எழுதிய விதத்தை, எண்ணத்தை அல்ல. டெல்லியில் ஆர். ஜி. ஆனந்த் என்பவர் பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் சம்பந்தம் செய்யும் ஒரு நாடகத்தை எழுதினார். பிறகு 1956-இல் வைஜயந்திமாலா நடித்த ‘நியூ டெல்லி’ படம் வந்தது. தன் நாடகம்தான் அது என்று அவர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் தோற்றார். கரு ஒன்றாக இருக்கலாம், சொன்ன விதம் வேறு என்றது தீர்ப்பு. இன்றும் இந்த மாதிரி வழக்குகளில் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆகவே உன் தலைப்பை ஒருவர் பார்த்து அதே விஷயத்தைத் தன் நடையில் எழுதினால் சண்டைக்குப் போகாதே. அரசிதழ் அறிவிப்பையும் தீர்ப்பு வாசகத்தையும் உன்னைப் போலவே அவரும் எடுத்துப் போடலாம். உன் விளக்கத்தை வரிக்கு வரி எடுத்திருந்தால் மட்டும் விடாதே.

இப்போது நடந்திருப்பது அந்த ரகம்தான். அதனால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், உன் ஈசி கட்டுரையின் தலையில் இருக்கும் பதிவு அலுவலகப் படம் நீ எடுத்ததா, கூகுளில் எடுத்ததா? இரண்டாவது என்றால் இன்றைக்கே எடுத்துவிடு. கை சுத்தமாக இருந்தால்தான் புகாருக்குப் பலம்.

பிறகு ஆதாரம். திருட்டுப் பக்கத்தையும் உன் பக்கத்தையும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் சேமி. தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடு. நீதிமன்றத்துக்குப் போகும் நிலை வந்தால் அது தனியாக நிற்காது, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். உன் கட்டுரையில் வேறு எங்கும் வராத ஒரு வாக்கியத்தை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடினால் இன்னும் எத்தனை இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதே வாக்கியத்துக்கு கூகுள் அலர்ட்டும் வைத்துவிடு.

அந்தத் தளத்தாருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுது. ஒரு வாரம் பார். பதில் இல்லை என்றால் கூகுளின் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. டிஎம்சிஏ என்ற 1998-ஆம் வருட அமெரிக்கச் சட்டத்தை ஒட்டியது. உன் பக்கத்தின் முகவரி, அவர்கள் பக்கத்தின் முகவரி இரண்டையும் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். பொய்ப் புகார் கொடுத்தால் பொறுப்பு உன் தலையில் விழும். புகாரின் பிரதி லூமன் என்ற பொதுத் தொகுப்புக்குப் போகலாம், அதில் உன் பெயர் தெரியலாம், தெரிந்தே அனுப்பு. இந்தப் புகாரால் தேடலில் இருந்துதான் அந்தப் பக்கம் மறையும். பக்கமே இறங்க வேண்டும் என்றால் அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். நம் ஊர் விதியும் உண்டு. 2013-ஆம் வருடப் பதிப்புரிமை விதிகளின்படி முறையான புகார் கிடைத்து அது சரி என்று பட்டால், இடைநிலை நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்தைத் தடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீ நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் திறந்துவிடலாம்.

வலது சொடுக்கை முடக்கி வைத்திருக்கிறாய். அதைக் கழற்றிவிடு. திருடுகிறவருக்கு அது ஒரு தடையே இல்லை. புல எண்ணை நகலெடுத்து அரசுத் தளத்தில் ஒட்ட நினைக்கிற பாவப்பட்ட வாசகருக்குத்தான் இடைஞ்சல். அதற்குப் பதில் பிளாக்கர் அமைப்பில் போய், புதுக் கட்டுரைகளைத் தானாக வெளியே அனுப்பும் ஃபீடை முழுக் கட்டுரை என்பதிலிருந்து சுருக்கத்துக்கு மாற்று. தானாகவே உறிஞ்சி ஒட்டும் தளங்கள் பலவும் அந்த வழியாகத்தான் எடுக்கின்றன. கட்டுரைக்கு உள்ளேயே உன் பழைய கட்டுரைகளுக்கு முழு முகவரியோடு இணைப்புக் கொடு. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுகிறவர்கள் அதையும் சேர்த்தே ஒட்டிவிடுவார்கள். அங்கிருந்து உன்னிடம் வாசகர் வருவார்.

வாட்ஸ்அப்பில் பெயரில்லாமல் சுற்றுவதை மட்டும் யாராலும் பிடிக்க முடியாது. அதற்காகத் தூக்கம் கெடுக்காதே.

பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவைக் காட்டிப் போலீஸுக்குப் போகலாமா என்று உன் அண்ணன் கேட்டானாம். சாட்சியத்துக்குச் சொன்ன 63 வேறு, இது வேறு. தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஒரே ஒரு கட்டுரைக்கு அந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதே ஆள் திரும்பத் திரும்ப எடுத்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். வழக்கு என்று வந்தாலும் அந்தத் தளத்துக்காரர் ஊருக்கு நீ அலைய வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி நீ குடியிருக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம்.

அன்புடன்,
பெரியப்பா