வளவில் வளரும் கார்த்திகைப்பூ

தமிழர் தொன்றுதொட்டு அறிந்த கொடிகளுள் காந்தள் ஒன்று. சங்கப் புலவர் அதனைக் குறிஞ்சி நிலத்து மலராகப் பாடினர். மகளிர் விரல்களுக்கு உவமையும் ஆக்கினர். ஆயினும் அது மலைக்கு மட்டும் உரியதன்று. கரையோர மணற் பற்றைகளிலும் வன்னியின் உலர்காடுகளிலும் மாரி மழையோடு முளைத்துக் கார்த்திகையிற் பூப்பதனால், நம் மக்கள் அதனைக் கார்த்திகைப்பூ என்றனர். கிழங்கின் வடிவு நோக்கிக் கலப்பைக்கிழங்கு எனவும் வழங்குவர். 1753இல் லின்னேயசு வழங்கிய பெயர் குளோரியோசா சுப்பேர்பா என்பதாம். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

பற்றைகள் அழிக்கப்படுவதாலும், மருந்துக்காகக் கிழங்கு அகழப்படுவதாலும் இக்கொடி காடுகளில் அருகி வருகின்றது. ஆதலின், 2009க்குப் பின் மீளக் குடியமர்ந்தோர் திருத்திய வளவுகளில் இதற்கும் ஒரு மூலை அளித்தல் தகும். அதன்பொருட்டுக் காட்டுக் கிழங்கை அகழ்தல் கூடாது. முற்றிய காயின் விதையை ஊன்றலாம். அது மெல்ல முளைக்கும். பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். வளர்ப்போரிடம் கிழங்கு பெறின் விரைவில் பூக்கும். கிழங்கின் நுனியிலேயே முளை உண்டு. அது முறிந்தால் கிழங்கு பயனற்றதாகும்.

மழைக்கு முன், புரட்டாதியில், இரண்டங்குல ஆழத்திற் கிழங்கைக் கிடையாக வைத்து மூடுக. மணற்றரை உகந்தது. களித்தரையாயின் மணல் கலந்து மேடாக்குக. நீர் தேங்கின் கிழங்கு அழுகும். இலை நுனிகளே சுருண்டு பற்றுமாதலின் கிளுவை வேலி ஒன்றே கொழுகொம்பாகப் போதும். பூத்தபின் கொடி காய்ந்து விழும். அது சாவன்று, உறக்கமே. கோடையில் நீர் விடாது அடுத்த மாரிவரை காத்திருத்தல் வேண்டும்.

இனி, மறவாது அறியவேண்டியது ஒன்று. இச்செடி முழுவதும் கொல்கிசீன் என்னும் நஞ்சுடையது. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. அளந்து கொடுக்குங்கால் அதுவே கீல்வாத மருந்தாகும். இலங்கையில் இக்கிழங்கை வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டு மாண்டோர் உளர். அவிப்பினும் நஞ்சு நீங்காது. ஆகவே வள்ளிப் பாத்தியின் அருகே இதனை நடாதீர். சிறுவரும் ஆடுமாடும் அணுகாவண்ணம் அடைத்து வையுங்கள். தொட்ட கையைக் கழுவுங்கள். எவரேனும் உண்டனராயின், வாந்தி தொடங்கும்வரை காத்திராது, எஞ்சிய கிழங்குத் துண்டுடன் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பூவின் அழகைச் சிறுவருக்குக் காட்டும் அன்றே கிழங்கின் நஞ்சையும் சொல்லிக்கொடுப்போமாக. அவ்வாறு வளர்க்கும் வளவிலேயே கொடியும் வாழும், குழந்தைகளும் வாழ்வர்.