இணையமும் தொலைபேசியும் சந்திக்கும் இடம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முகம் பார்த்துப் பேசும் கைபேசிகள் இன்று பெருகிவிட்டன. ஆயினும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலரிடம் இருப்பது பொத்தான் கைபேசிதான். படமும் குரலும் செல்லும் இணைய வலைக்கும், குரலுக்கென்றே அமைந்த பழைய தொலைபேசி வலைக்கும் இடையே பாலம் இல்லையேல் இவ்விரு சாராரும் பேசிக்கொள்ள இயலாது. அப்பாலத்திற்கு 'கேட்வே' என்று பெயர், நுழைவாயில் எனலாம். படத்தை அது வாசலிலேயே நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் உள்ளே விடுகிறது. எவ்வாறு என்று காண்போம்.

பழைய தொலைபேசி வலையில், அழைப்புக் கிடைத்தவுடன் ஒரு வழி முழுவதும் இருவருக்கென ஒதுக்கப்படுகிறது. அவர்கள் பேசாமல் இருந்தாலும் அது அவர்களுடையதே; தனி வண்டி அமர்த்திக்கொள்வது போல. இணையத்திலோ குரல் சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, பிறர் பொட்டலங்களோடு கலந்து செல்கிறது. முன்னே புறப்பட்டது பின்னே வருவதும், ஒன்றிரண்டு தொலைவதும் உண்டு.

தொலைபேசிக் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள். ஆக நொடிக்கு 64,000 பிட். நுழைவாயில் இதை 20 மில்லி நொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் ஒன்றில் 160 பைட் குரல் அடங்கும். முகவரி முதலிய தலைப்புகளுக்கு 40 பைட். நொடிக்கு 50 பொட்டலம் என்பதால் 64,000 பிட் 80,000 ஆகிறது. குரலைச் சுருக்கினால் மிச்சம்தானே என்று தோன்றும். ஜி.729 என்ற முறையில் 20 மில்லி நொடிக் குரல் 20 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. தலைப்போ அதே 40 பைட்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

எதிர்த்திசையில் தொல்லை வேறு. தொலைபேசி வலைக்குக் குரல் சீராக, இடைவிடாது வந்துகொண்டிருக்க வேண்டும். எனவே முன்பின்னாக வரும் பொட்டலங்களை நுழைவாயில் சற்று நேரம் தேக்கி, வரிசைப்படுத்தி அனுப்புகிறது. அதிகம் தேக்கினால் இருவர் பேச்சும் ஒன்றோடொன்று மோதும். ஒரு வழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பெரும்பாலும் இடையூறில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கருத்து.

குரலை மாற்றினால் மட்டும் போதாது. செய்தியையும் மொழிபெயர்க்க வேண்டும். மறுமுனை வேறு பேச்சில் இருந்தால் தொலைபேசி வலை 17 என்ற காரண எண்ணைத் தரும். இணையத் தொலைபேசியின் எஸ்.ஐ.பி. முறையில் அதுவே 486. அப்படியோர் எண்ணே இல்லையெனில் 1 என்பது 404 ஆகும். இணையப் பக்கம் கிடைக்காதபோது நாம் காணும் அதே 404!

பொத்தான் ஒலியும் ஒரு சிக்கல். 1-ஐ அழுத்தினால் 697, 1,209 ஹெர்ட்ஸ் ஆகிய இரு ஒலிகள் சேர்ந்து எழும். மனிதக் குரலுக்கென வகுத்த சுருக்கமுறை இவற்றைச் சிதைத்துவிடக்கூடும். ஆகவே ஒலியை அனுப்பாமல், '1 அழுத்தப்பட்டது' என்ற குறிப்பையே பொட்டலத்தில் அனுப்பி, மறுபுறம் ஒலியைப் புதிதாக எழுப்புகிறார்கள். மிக நேர்த்தியான யோசனை என்பது என் கருத்து.

இத்தனையும் பொறியியல். இதைவிடக் கடினமானது மறுகரையின் சம்மதம். நம் நாட்டில் 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்பட்டது. ஆனால் கணினியிலிருந்து உள்நாட்டுத் தொலைபேசியை அழைக்க இடமில்லை. அதற்கு வழி பிறந்தது 2018-இல்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அதன் குரலெல்லாம் பொட்டலமே. பிற நிறுவனங்கள் போதிய இணைப்பு முனைகள் தராததால் கோடிக்கணக்கான அழைப்புகள் தோல்வியுறுவதாக அது முறையிட்டது. ஓர் ஊருக்குப் பாலம் போட்டு, ஆள் நடக்க ஒற்றைப் பலகை மட்டும் விட்டது போன்ற நிலை. அவ்வாண்டு அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மூன்று நிறுவனங்கள் மீது மொத்தம் ரூ.3,050 கோடி தண்டம் விதிக்கப் பரிந்துரைத்தது. வந்து சேரும் அழைப்புக்குக் கிடைக்கும் நிமிடத்திற்கு 14 காசு தங்கள் செலவுக்குக் காணாது என்பது பழைய நிறுவனங்களின் வாதம். அக்கட்டணம் 2017 அக்டோபரில் 6 காசாகக் குறைந்தது. 2021 சனவரி 1 முதல் உள்நாட்டு அழைப்புகளுக்கு அடியோடு நீக்கப்பட்டது.