வெள்ளாட்டுக்குக் குழை கட்டும் முறை

மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்ட வெள்ளாட்டை அரை நாழிகை பின்தொடர்ந்து சென்று பார்த்தவர்களுக்கு, அது வேலியோரத்து இலந்தையில் இரண்டு வாயும், உதிர்ந்து கிடக்கும் வெள்வேலங்காயில் சிறிதும், எட்டாத கொடுக்காப்புளிக் கிளைக்காக முன்னங்கால்களைத் தூக்கி நின்று நான்கு வாயுமாகக் கடித்துச் செல்லுமேயன்றி, ஒரே செடியில் வயிற்றை நிரப்பிக்கொள்வதில்லை என்பது புலப்படாமல் இராது. ஆடாதொடை என்றும் ஆடுதின்னாப்பாளை என்றும் மூலிகைகளுக்குப் பெயர் வழங்கிய நம் முன்னோர், இந்தப் பிராணி எதைத் தின்கிறது என்பதோடு எதை ஒதுக்குகிறது என்பதையும் கவனித்தவர்கள். அதே ஆட்டைக் கொட்டிலில் கட்டி, கைக்குக் கிட்டிய ஒரே குழையை நாள்தோறும் போடுகிறவர், அது இயல்பாகச் செய்துவந்த கலப்பைத் தாமே செய்துகொடுக்கும் பொறுப்பை ஏற்றவராகிறார்.

ஆகவே முதற்காரியமாக, தோட்டத்தையும் வேலியையும் சுற்றிவந்து, உள்ள மரங்களை இரு வகுப்பாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அகத்தி, சவுண்டல் எனப்படும் சூபாபுல், கிளைரிசிடியா, கல்யாண முருங்கை ஆகியவை புரதம் மிகுந்தவை. ஈரம் நீக்கிய எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கு அகத்தியிலும், 20 முதல் 25 பங்கு சவுண்டலிலும் கிளைரிசிடியாவிலும் புரதமாகவே இருக்கிறது. நெல் வைக்கோலிலோ அது 4 பங்கைத் தாண்டுவது அரிது. ஆல், அரசு, பலா, வேம்பு முதலியவை 8 முதல் 15 பங்கு வரை புரதமுள்ள இரண்டாம் வகுப்பு. அன்றாடக் கட்டில் முதல் வகுப்பிலிருந்து ஒன்றும் இரண்டாம் வகுப்பிலிருந்து இரண்டுமாவது இருக்கட்டும்.

சவுண்டலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதிலுள்ள மிமோசின் என்னும் வஸ்து, பழக்கமில்லாத ஆட்டுக்கு அளவு மீறிக் கொடுக்கப்படுமானால், ரோமம் உதிரச் செய்து, தைராய்டு சுரப்பியையும் கெடுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் இந்த இலையால் நலிந்த கால்நடைகளைக் கண்ட ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் விஞ்ஞானி, ஹவாய்த் தீவின் ஆடுகள் மட்டும் அதைத் தின்றும் சுகமாயிருப்பதைக் கவனித்து, அவற்றின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிரே அந்த விஷத்தைச் சிதைக்கிறது என்று 1980-களில் நிரூபித்தார். அந்த நுண்ணுயிருக்குப் பின்னர் அவர் பெயரையும் சேர்த்தே பெயரிட்டார்கள். நம் கொட்டிலில் அத்தகைய பரிசோதனைகளுக்கு இடமில்லையாதலால், மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவுண்டல் போகாமல் பார்த்துக்கொள்வதே உத்தமம்.

இலந்தையும் கருவேலும் போன்ற துவர்ப்பு மிகுந்த தழைகளில் உள்ள டானின், புரதத்தோடு பிணைந்து அதை ஜீரணமாகவிடாமல் தடுக்கிறது. சிறிதளவு துவர்ப்பு தீமையன்று; அதுவே முழு ஆகாரமாகும்போதுதான் ஆடு வயிறு நிறையத் தின்றும் தேறாது.

இனி வெட்டும் முறை. சவுண்டலையும் கிளைரிசிடியாவையும் இடுப்பளவு உயரத்தில் வெட்டினாலும் மறுபடி தழைக்கும். அகத்தியோ நடுத்தண்டைத் திரும்பத் திரும்ப வெட்டினால் பட்டுப்போகும், ஆகையால் தொரட்டியால் பக்கக் கிளைகளை மட்டும் இழுத்துக்கொள்ள வேண்டும். கிளைரிசிடியாவின் வாசனை புதிய ஆட்டுக்குப் பிடிப்பதில்லை. முதல் நாள் மாலையில் வெட்டி, இரவு முழுதும் நிழலில் வாடவைத்துக் கொடுத்தால் மூக்கைத் திருப்பிக்கொண்ட ஆடும் மெல்ல வந்து கடிக்கும். எந்தப் புதுத் தழையையும் ஒரு பிடியில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்குக் கொண்டுவருவதே கிரமம்.

குழையைத் தரையில் போடலாகாது. காலில் மிதிபட்டு மூத்திரம் பட்டதை வெள்ளாடு தொடாது. அப்படிப் போட்டுப் பாதியைக் குப்பைக்குழிக்கு அனுப்பிய நாட்கள் எனக்கும் உண்டு. ஆட்டின் தலைக்குச் சற்று மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், கழுத்தை நிமிர்த்தி மரத்தில் மேய்வதுபோலவே தின்னும்; தரைப்புல்லில் ஒட்டியிருக்கும் புழுக்களின் தொல்லையும் குறையும்.

அளவு வருமாறு: 20 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 800 கிராம் ஆகாரம் வேண்டும். பசுந்தழையில் முக்கால் பங்கு நீரே ஆதலால், குச்சி நீங்கலாக ஒன்றரைக் கிலோ இலை, 300 கிராம் கடலைக்கொடி அல்லது சோளத்தட்டை, 100 கிராம் தவிடு என்று கொடுத்தால் கணக்குச் சரியாகும். தவிட்டை வீண் செலவென்று நிறுத்திவிட வேண்டாம். மரத்தழையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, பாஸ்பரஸ் குறைவு, அந்தக் குறையைத் தவிடு ஈடுசெய்கிறது. நக்குவதற்கு ஒரு தாது உப்புக் கட்டியும் தொங்கட்டும். அரளி கலந்த வேலியில் குழை வெட்டுகிறவர் கட்டைப் பிரித்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும், அதில் சில இலைகளே உயிரைப் போக்கும். பச்சை மரவள்ளி இலையிலும் விஷமுண்டு.

மறுநாள் காலையில் கயிற்றில் எஞ்சி நிற்கும் குச்சிகளைப் பாருங்கள். பட்டை உரிந்து வெள்ளையாகத் தொங்குவது எந்த மரம், இலையோடு வாடிக் கிடப்பது எந்த மரம் என்று தெரிந்துவிடும். புழுக்கை உருண்டையாக விழாமல் இளகியிருந்தால், முந்தின நாள் கட்டில் எதைக் கூட்டினோம் என்று நினைத்துப்பார்த்து, அன்றைய கட்டில் அதைப் பாதியாக்கிக் கடலைக்கொடியைச் சற்று அதிகமாக்கலாம்.