பழமைத் தோற்றப் பெட்டியும் பயணியின் முதுகும்

கோடம்பாக்கத்துப் படப்பிடிப்புத் தளங்களில் பிளைவுட்டால் எழுப்பப்படும் ரயில் பெட்டி அரங்கு, கேமராவுக்குத் தெரியும் பக்கம் மட்டும் மெய்போல இருந்தால் போதும். பழைய பெட்டியின் சாயலில் கட்டப்பட்டுத் தண்டவாளத்தில் ஓடும் பெட்டியோ, கண்ணை நிறைவித்த பிறகும் மணிக்கணக்கில் மனிதரின் முதுகைத் தாங்கியாக வேண்டும். நீராவி எஞ்சின் தோற்றம் கொண்ட மின்சார எஞ்சின் இழுக்க, பெரம்பூரில் உருவான பெட்டிகளுடன் ஓடும் பாரம்பரியச் சிறப்பு ரயில் இவ்வகைக்குத் தக்க சான்று. கோடம்பாக்கம் வழியே செல்லும் எழும்பூர்–புதுச்சேரி தடத்தில் 2023-இல் சோதித்துப் பார்க்கப்பட்ட அந்த ரயில், அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று குஜராத்தின் ஏக்தா நகர்–அகமதாபாத் தடத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் 48 பேர் அமரும் பெட்டிகள் மூன்றும், தேக்கு மேசைகள் இடப்பட்ட 28 இருக்கை உணவுப் பெட்டி ஒன்றும் உண்டு.

இத்தகைய பெட்டியின் சொகுசைத் தீர்மானிப்பது தேக்கு வேலைப்பாடன்று, கண்ணுக்குத் தெரியாத போகியே. போகி என்பது சக்கரங்களையும் சுருள்வில்களையும் தாங்கிப் பெட்டிக்கு அடியில் திரும்பும் சட்டம். அது இல்லாத பழைய நாற்சக்கரப் பெட்டிகளில் தண்டவாள இணைப்பின் அதிர்வு பெருமளவில் இருக்கைக்கு ஏறியது. மரத்தாலான உடற்பகுதி விபத்தில் சிதறிப் பயணிகளைக் காயப்படுத்தியதும் எஃகுப் பெட்டிகளுக்கு மாற ஒரு காரணம். 1955-இல் பெரம்பூரில் தொடங்கப்பட்ட ஐ.சி.எப். எனும் ரயில் பெட்டித் தொழிற்சாலை அந்த மாற்றத்தின் முதன்மைக் களம். ஆகவே எஃகின்மேல் மரத் தோற்றம் போர்த்துவதைப் போலித்தனம் என்று இகழ்வது பொருந்தாது.

குறை பெரும்பாலும் இருக்கையில்தான் தலைகாட்டும். அழகுக்காகச் சாய்மானம் தாழ்த்தப்பட்ட சோபாவில் கழுத்துக்குப் பிடிமானம் இராது என்பதால், மடித்த துண்டு ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நலம். போகிகள் பெட்டியின் இரு முனைகளுக்கு அருகில் அமைவதால், நடுப்பகுதி இருக்கைகளில் குலுக்கல் குறையும். எதிரெதிர் இருக்கைகளாயின், தலைசுற்றல் உடையோர் ரயில் செல்லும் திசையை நோக்கியே அமர வேண்டும். குளிரூட்டிய பெட்டியின் மூடிய சாளரம் வெயிலையும் புழுதியையும் தடுக்கிறது. பழம்பயணத்தின் காற்றும் கரிவாசமும் அதனோடு போய்விடுகின்றன. குஜராத் வெயிலுக்கு அது நியாயமான இழப்பே.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டரை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் ஏறும் நீலகிரி மலை ரயிலில் நிலை வேறு. குன்னூர் வரை எஞ்சின் பின்னிருந்து தள்ளுவதால் முன்பெட்டியில் காட்சி மறைவதில்லை. ஆனால் எதிரெதிர் பலகைகளில் முழங்கால்கள் உரசும், மரபுவழிப் பெட்டிகளில் கழிப்பறையும் கிடையாது. முதியோருடனும் குழந்தைகளுடனும் செல்வோர், வண்டி நிற்கும் நிலையங்களை முன்கூட்டியே கேட்டறிந்து, அங்கு இறங்கிக் கால் நீட்டிக்கொள்வது நல்லது. பழமைச் சாயலில் புதிய பெட்டிகளை வடிவமைப்போரும் ஒரு மாதிரி இருக்கையில் முதியவர் ஒருவரைச் சில மணி நேரம் அமர்த்திப் பார்த்த பின்னரே மற்றவற்றுக்கு ஒப்புதல் அளிக்க வேண்டும்.