தாத்தா பாட்டிக்கு ஒரு நடுகல்

(ஏழாம் வகுப்பு: தமிழும் ஓவியமும் இணைந்த செயல்பாடு, இரண்டு பாடவேளைகள்)

பெற்றோர் திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போய்விட, அப்பாயி, அம்மாச்சி கையில் வளரும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் பலர். அந்தப் பெரியவர் இறந்து, காரியம் முடிந்து வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் விடுப்புக் கடிதத்தைத் தவிர நாம் வேறு என்ன கேட்கிறோம்?

நடுகல் பாடத்தை இந்தத் துயரத்துக்கு வழியாக்கலாம். சான்று தேடித் தொலைவு போகவேண்டியதில்லை. மாநிலத் தொல்லியல் துறை 2023-இல் அகழாய்வு செய்த நம் பொற்பனைக்கோட்டையில், தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த கல் ஒன்றில் ஆள் பெயர், ஊர், ஆநிரை கவர்ந்த பூசல் மூன்றும் சில சொற்களில் அடங்கிவிடுகின்றன. அந்தச் சுருக்கம்தான் நம் பாடம்.

கல்லைக் கண்டு தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. முதல் நிலையான ‘காட்சி’க்கே ஒரு பாடவேளை முழுவதையும் கொடுக்கலாம். மாலை போட்ட புகைப்படத்தைப் பார்த்து வரைய வேண்டாம். அவர் கை பழகிய பொருள் ஒன்றை வீட்டில் தேடிக் கண்டுவரச் சொல்லுங்கள். களைக்கொத்து, சுருக்குப்பை, மூக்குக்கண்ணாடி, எதுவானாலும் சரி. அடுத்த வகுப்பில் உள்ளங்கை அகலக் களிமண் பலகையில் அதைப் புடைப்பாகச் செய்து, கீழே பெயர், ஊர், செய்த வேலை மூன்றையும் ஒரே வரியில் கீறவேண்டும். “பாசமானவர்”, “நல்லவர்” என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். “ஆலங்குடிச் சந்தையில் பூ விற்றவர்” என்பதில்தான் ஆள் தெரிகிறார்.

என் வகுப்பில் ஒரு மாணவி வெற்றிலை இடிக்கும் சிற்றுரலைச் செய்தாள். அப்பாயிக்குப் பல் இல்லை. தினமும் மாலையில் இடித்துக் கொடுத்தவள் இவள்தான். “இப்ப ஆறு மணியானா கை சும்மா இருக்கு டீச்சர்” என்றாள். அழவில்லை. பக்கத்திலிருந்தவள்தான் அழுதாள். கஜா புயலில் தாத்தாவின் பலாமரங்கள் சாய்ந்ததைச் சொன்ன மாணவன், சாய்ந்த மரத்தை விட்டுவிட்டு, மறு ஆண்டு தாத்தா நட்ட கன்றைச் செய்தான். தேர்வு அவர்களுடையது, நாம் திருத்தக் கூடாது.

பழைய கற்கள் பெரும்பாலும் பூசலில் மாண்ட ஆண்களுக்கு. நாற்று நட்டவளுக்கு ஏன் கல் இல்லை என்று வகுப்பே கேட்கும். கேட்கட்டும், அந்த விவாதத்துக்கு நேரம் விடுங்கள்.

அண்மையில் இழந்த பிள்ளை செய்ய மறுத்தால் மண் பிசைந்து கொடுத்தால் போதும். தாத்தா பாட்டி உயிருடன் இருப்பவர்கள் பூட்டன், பூட்டி பற்றி வீட்டில் கேட்டுவரலாம். இருப்பவருக்கு நடுகல் செய்தால் வீட்டில் சங்கடப்படுவார்கள். மதிப்பெண் கிடையாது. பிள்ளையைக் கேட்காமல் கண்காட்சியில் வைக்கவும் வேண்டாம். எங்கே நடுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். சிலர் வயல் வரப்புக்குக் கொண்டுபோனார்கள்.

கண்மாய் மண்ணில் கொஞ்சம் உமி கலந்து, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டால் வெடிப்பு அவ்வளவாக விழாது.