கடற்படையா, காவற்படையா, கப்பல்தளமா?

1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுகளால் எரித்துவிட்டுத் தனக்கொரு சேதமுமின்றிக் கடலுக்குள் மறைந்தது. ஜனங்கள் பீதியால் ஊரைக் காலிசெய்தார்கள், எமகாதகனை 'எம்டன்' என்றழைக்கும் வழக்கமும் நம் பேச்சில் நிலைத்துவிட்டது. அதே கரையில், எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வடக்கே, கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் காட்டுப்பள்ளியில் இன்று நம் தேசத்தின் காவற்கப்பல்கள் கட்டப்படுகின்றன. ஆகவே இந்தப் பிரதேசத்தில் படிப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில், தேசசேவை என்ற பெரிய வார்த்தை, எந்த விண்ணப்பத்தை முதலில் பூர்த்திசெய்வது என்ற சின்னக் கேள்வியாகவே வந்து நிற்கிறது. வழிகள் மூன்று, ஒவ்வொன்றின் தொடக்கத்தைக் காட்டிலும் முடிவைப் பார்த்துத் தேர்ந்துகொள்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

முதலாவது, அக்னிபத் என்ற நான்கு வருஷத் திட்டத்தில் கடற்படை அக்னிவீரர். பத்தாம் வகுப்புப் படித்தவருக்கு எம்.ஆர். பிரிவும், கணிதமும் இயற்பியலும் கொண்டு பிளஸ் டூ தேறியவருக்கு எஸ்.எஸ்.ஆர். பிரிவும் உண்டு, பெண்களும் சேரலாம், பயிற்சி ஒடிஷாவின் சில்கா தளத்தில். 2022 ஜூனில் அறிவித்த கணக்குப்படி, முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாயில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போக 21,000 கைக்கு வரும். நான்காம் வருஷத்தில் மொத்தம் 40,000 ஆகும். நான்கு வருஷ முடிவில் அந்த நிதியிலிருந்து சுமார் 11.71 லட்சம் ரூபாய் வருமான வரியின்றிக் கிடைக்கும். ஆனால் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரையே நிரந்தரமாக நிற்கமுடியும். மற்றவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. 48 லட்சம் ரூபாய் காப்பீடு இருப்பது ஆறுதலே. எனினும், இருபத்தைந்து வயதுக்குள் வேறொரு பிழைப்பைத் தேடும் மனத்திண்மை யாருக்கு உண்டோ, கடைசித் தொகையைக் கல்யாணச் செலவில் கரைக்காமல் படிப்பிலோ தொழிலிலோ போட எந்தக் குடும்பத்தால் முடியுமோ, அவர்களுக்கே இது உசிதம்.

இரண்டாவது, கடலோரக் காவற்படை. 1977-இல் தோன்றிய இப்படை அக்னிபத் திட்டத்தில் சேராதது. நாவிக் என்னும் மாலுமியாகச் சேருபவரின் அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், அகவிலைப்படி தனி. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டி, கரையெல்லாம் தார்போல் அப்பியபோது, வாளிகொண்டு அள்ளிய கூட்டத்தில் இந்தப் படையினரும் இருந்ததை நம்மவர்கள் அறிவார்கள். புயலில் வழிதவறிய படகைத் தேடிப் போவதும் இவர்கள் கடமையே. கடலின் குணமறிந்த மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் அரிது. ஓட்டம் 1.6 கிலோமீட்டரை ஏழு நிமிஷத்துக்குள். மணலில் ஓடிப் பழகியவனுக்கு அது பெரிதல்ல. சிரமம் எழுத்துத் தேர்விலும், கண், காது வைத்தியப் பரிசோதனையிலும்தான். விண்ணப்பிக்கும் முன்பே நிறக்குருடு இல்லையென்று ஒரு கண் வைத்தியரிடம் நிச்சயப்படுத்திக்கொள்வது நலம்.

மூன்றாவது வழியான கப்பல்தள வேலைக்குச் சீருடையும் இல்லை, அணிவகுப்பும் இல்லை. காட்டுப்பள்ளியின் எல் அண்ட் டி தளத்தில் உருவான 'விக்ரம்' 2018-இல் காவற்படையில் சேர்ந்தது. அவ்வரிசையின் ஏழாவதும் கடைசியுமான 'விக்ரகா' 2021-இல் சேர்ந்தது. நீர்மூழ்கிகளை வேட்டையாடும் 77 மீட்டர் நீளக் கப்பலாகிய 'அர்னாலா', கல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. நிறுவனத்துடன் கூட்டாக இங்கே கட்டப்பெற்று, 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்தது. இத்தகைய தளங்களுக்கு வேண்டியவர்கள் வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன்; ஐ.டி.ஐ. சான்றிதழும் அப்ரண்டிஸ் பயிற்சியுமே நுழைவாயில். கப்பலின் அடித்தட்டு அறைக்குள் குந்தியும் படுத்தும், சித்திரை வெயில் இரும்பில் ஏற, முகமூடிக்குள் வியர்வை வழிய ஒரு வெல்டிங் தையல் ஓட்டி, சிப்பிங் சுத்தியலால் ஸ்லாக் என்ற கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்கிறான் வெல்டர்; பிறகு எக்ஸ்ரே படத்தில் அளவுக்கு மீறிய கரும்புள்ளி தென்பட்டால், அந்த இடத்தை அரைத்தெடுத்து மறுபடி ஓட்டவேண்டும். கஷ்டமான தொழில். கப்பல் கட்டும் தொழிலில் காண்டிராக்ட் வேலை மிகுதியாதலால், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தமுண்டா, காண்டிராக்ட் எத்தனை மாதம் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சேரவேண்டும். ஆனால் கற்ற கைத்தொழிலை யாரும் நான்கு வருஷத்தில் திரும்பக் கேட்பதில்லை.

மூன்றையும் சீர்தூக்கினால், ஸ்திரத்தை விரும்புபவர் காவற்படையை முதலில் முயல்வதும், வயது கடக்குமுன் கடற்படைக்கும் விண்ணப்பிப்பதும், இரண்டுக்கும் காத்திருக்கும் காலத்தில் ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிடுவதும் சிறந்த முறை. இவ்வழிகள் ஒன்றையொன்று அடைப்பதுமில்லை: பாதுகாப்பு அமைச்சகம் அக்னிவீரர்களுக்குப் பத்து சதவிகிதம் ஒதுக்கிய இடங்களில் காவற்படையும் அடங்கும், வெல்டிங் தெரிந்தவன் எந்தத் துறைமுகத்திலும் பிழைத்துக்கொள்வான். சம்பளம், வயது, தகுதி ஆகியவற்றை அந்தந்த வருஷத்து அறிவிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்க.

கப்பல் கடலிறங்கும் நாளில் மாலையும் வாத்தியமும் மேல்தட்டில் நிற்பவருக்கே. வெல்டர் ஓட்டிய தையல் வர்ணத்துக்கடியில் மறைந்துபோய்விடும். நடுக்கடலில் இரவுக் காவல் முடித்துப் படுக்கும் மாலுமி நிம்மதியாகக் கண்மூடுவது அந்தத் தையலின்மேல்தான். எந்த விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்தாலும், பிள்ளை அந்த இருவரில் ஒருவனாகவே இருப்பான்.