சாவி யார் கையில்?

கேள்வி: பம்ப் பாகங்களின் வரைபடங்களை ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு பிடிஎஃப்பாக அனுப்புகிறோம். பாஸ்வேர்ட் போட்டால் போதாதா?
– வாசகர், கோவை

பதில்: போதாது. பாஸ்வேர்ட் ஒருவர் கைக்குப் போனால் ஊருக்கே போன மாதிரி. 'பிரிண்ட் எடுக்கக் கூடாது' என்ற தடையோ, திறக்கும் மென்பொருள் மதித்தால்தான் உண்டு.

இதற்கு வழி டிஆர்எம், அதாவது டிஜிட்டல் உரிமை மேலாண்மை. அதில் சாவி கோப்போடு போகாது, சர்வரில் இருக்கும். திறக்கும்போது அங்கே கேட்டுத்தான் திறக்கும். ஆர்டர் முடிந்ததும் அனுமதியை ரத்து செய்தால் பென்டிரைவில் இருக்கும் பிரதியும் திறக்காது. இணையம் இல்லாமல் பார்க்க நாள் கொடுத்திருந்தால், அந்தக் கெடு வரை திறக்கும்.

உண்மையான ஓட்டை வேறு. சிஎன்சிக்கு ப்ரோகிராம் எழுத பட்டறைக்காரர் ஸ்டெப் என்ற முப்பரிமாண மாடல் கோப்பு கேட்பார். அது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே ஆயப்புள்ளிகள் வரிவரியாகத் தெரியும். அதைக் கொடுத்தபின் பூட்டு ஏது? எனவே இம்பெல்லர் கடைபவருக்கு இம்பெல்லர் மட்டும் போகட்டும். முழு அசெம்பிளியைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். திரையைச் செல்போனில் படமெடுப்பதையும் டிஆர்எம் தடுக்காது. திறந்தவர் பெயரும் நேரமும் குறுக்கே விழும்படி வாட்டர்மார்க் போடுங்கள்.

பாகத்தின் தோற்றம் புதிதென்றால், வெளியே காட்டுமுன் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். 10 ஆண்டு பாதுகாப்பு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.